செவ்வாய்க்கிழமை பகல் 11 மணி: ஒரு மளிகைக்காரன் பார்த்த லுலு மால்கள்

எங்க அப்பாவுக்கு ஒரு கணக்கு உண்டு. "ஒரு கடைய ஓணத்துக்கு முந்தின நாளு பாத்து மதிப்புப் போடாத மக்ளே. செவ்வாக்கெழமை பகல் பதினோரு மணிக்குப் போயிப் பாரு. அப்பவும் ஆளு நிக்குதுன்னா அவன் கடைக்காரன்" என்பார். தக்கலையில் அவர் வைத்த மளிகைக்கடையை 31 வருஷமாக நான் நடத்துகிறேன். எந்த ஊரில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்ப்பேன். லுலு மால்களையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். கொச்சி, திருவனந்தபுரம், பாலக்காடு என்று மூன்று மால், கோயம்புத்தூரில் அவர்களுடைய ஹைப்பர்மார்க்கெட் ஒன்று. எல்லாம் 2013-இலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போனதுதான்.

முதலில் போனது கொச்சி. 2013 ஓணம். இடப்பள்ளியில் அந்த மால் அந்த வருஷம் மார்ச் 10-ஆம் தேதிதான் திறந்திருந்தது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த அக்கா வீட்டுக்கார அத்தான்தான் எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். உள்ளே ஆளோடு ஆள் முட்டிக்கொண்டு நடந்தோம். பிள்ளைகள் ஐஸ் சறுக்குத் தளத்தின் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஒன்பது திரை சினிமா, மேலே ஆயிரக்கணக்கில் ஆள் உட்காரும் சாப்பாட்டுக் கூடம், எல்லாம் இருந்தது. எனக்கு அதில் ஒன்றும் மனதில் தங்கவில்லை. தங்கியது வேறு. ஹைப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் அத்தான் பலகை எதையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார். "அரிசி அந்தப் பக்கம், மீன் கடைசியில இருக்கும், வா" என்றார். அவர் அந்தக் கட்டடத்துக்கு வருவது அன்றைக்குத்தான் முதல் தடவை. சொன்ன இடத்தில் அரிசி இருந்தது, மீன் இருந்தது. "மஸ்கட் தார்சைட்ல நான் மாசச் சாமான் வாங்குற கடைய அப்படியே தூக்கி வச்சிருக்கானுவ" என்றார்.

அந்த இடத்திலேயே எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு புதுக் கடை திறந்தால் வாடிக்கை பிடிக்க மூன்று வருஷமாவது ஆகும். கேரளத்தில் இவர்களுக்கு வாடிக்கை முன்னமே இருந்தது. லுலுவின் முதலாளி எம்.ஏ. யூசுஃப் அலி திருச்சூர் மாவட்டத்து நாட்டிகாக்காரர். 1973-இல் அபுதாபிக்குப் போய் உறவினரின் வியாபாரத்தில் சேர்ந்தவர். 2000-இல் துபாயில் முதல் லுலு ஹைப்பர்மார்க்கெட்டைத் திறந்தார். லுலு என்றால் அரபியில் முத்து. பிறகு வளைகுடா நாடுகள் ஆறிலும் கடை பெருகி 200-ஐத் தாண்டியது. கடைசியில் 2024 நவம்பரில் அபுதாபி பங்குச்சந்தையிலும் ஏறிவிட்டார்கள். அங்கே போன மலையாளியும் நம்ம குமரி மாவட்டத்து ஆளும் இருபது முப்பது வருஷம் அந்தக் கடைகளில் தள்ளுவண்டி தள்ளிப் பழகியவர்கள். வாடிக்கைக்காரன் ஊர் திரும்பியபோது கடையும் கூடவே வந்து இறங்கியது. இப்படி ஒரு அமைப்பு வேறு எந்த மால்காரருக்கும் கிடைக்கவில்லை.

ஆனால் வாடிக்கை இருந்தால் மட்டும் மால் ஓடிவிடாது. என் பையன் படித்த ஊரில் ஒரு மால் இருந்தது, பேர் வேண்டாம். கட்டும்போதே கடை கடையாக வெட்டி ஆள் ஆளுக்கு விற்றுவிட்டார்கள். ஒரு கடை ஒரு டாக்டருக்கு, அடுத்தது வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு. ஒருவர் பூட்டிப் போட்டார். பக்கத்துக் கடையை டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டார்கள். ஏசி கட்டணம் யார் கொடுப்பது என்று தகராறு. நாலாவது வருஷம் நான் போனபோது இரண்டாம் மாடியில் எஸ்கலேட்டர் நின்றுகிடந்தது, பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. கீழே ஜூஸ் கடை வைத்திருந்த பையன் போட்ட பணம் போனது என்று என்னிடம் சொல்லிக் கண் கலங்கினான். அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

லுலுவில் கட்டடத்துக்காரரும் அவரே, உள்ளே பெரிய கடைக்காரரும் அவரே. அடியில் ஹைப்பர்மார்க்கெட், மேலே லுலு ஃபேஷன், எலக்ட்ரானிக்ஸுக்கு லுலு கனெக்ட், கல்யாணப் புடவைக்கு லுலு செலிபிரேட். மீதியைத்தான் மற்ற கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வாடகைக்கு வருகிறவனுக்கு இது பெரிய தைரியம். மளிகைக்கும் மீனுக்கும் வாரா வாரம் ஆள் வரும், அதில் பத்தில் ஒருவன் செருப்புக் கடையை எட்டிப் பார்த்தால் போதும். யார் எந்த மாடி, யாருக்குப் பக்கத்தில் யார் என்பதும் ஒரே கையில் இருக்கிறது. சின்னக் கடைத்தெருவில்கூட எண்ணெய்க் கடைக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைக்க மாட்டோம். அந்தப் புத்திதான் இங்கே பெரிய அளவில் ஓடுகிறது.

கொச்சிக்குப் பிறகு அடுத்த பெரிய மாலுக்கு எட்டு வருஷம் காத்திருந்தார்கள். 2021 அக்டோபரில் பெங்களூர் ராஜாஜிநகர், டிசம்பர் 16-ஆம் தேதி திருவனந்தபுரம் ஆக்குளம். எனக்கு மிகவும் பழக்கமானது இந்த ஆக்குளம் மால்தான். இதைப் பற்றித்தான் விவரமாகச் சொல்ல முடியும்.

என் வீட்டுக்காரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருவனந்தபுரத்தில் பரிசோதனை. காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தால் ரிசல்ட் பிற்பகலில்தான் வரும். நடுவில் நாலைந்து மணி நேரம் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. அப்படித்தான் போக ஆரம்பித்தோம். டாக்டர் பார்க்கும் நாள் செவ்வாய். அப்பா சொன்ன அதே கிழமை, ஏறக்குறைய அதே நேரம்.

முதல் தடவை போனபோது பில்லிங் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஓரமாக நின்று எண்ணினேன். கடைக்காரன் புத்தி, விடாது. கண்ணுக்கு முன்னால் போன 14 தள்ளுவண்டியில் 11-இல் காய்கறியோ மீனோ இருந்தது. வந்திருந்தவர்களைப் பாருங்கள்: பென்ஷன் வாங்கும் வயதில் கணவன் மனைவி, கைக்குழந்தையோடு ஒரு பெண், டெக்னோபார்க் ஐ.டி. கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய இரண்டு பையன்கள், எங்களைப் போல ஆஸ்பத்திரிக்கு வந்த குடும்பம் ஒன்று. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இல்லை. அன்றைக்கு மத்தியானச் சமையலுக்கு வந்த கூட்டம். அப்பா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்.

பழம் வைத்திருக்கும் விதத்தை மட்டும் கால் மணி நேரம் பார்த்தேன். ஏத்தன், கதலி, பாளையங்கோட்டன், செந்துளுவன் எல்லாம் தனித்தனித் தட்டில். இன்றைக்குத் தின்னலாம், நாளைக்குத் தின்னலாம், மூன்று நாள் பொறுக்கணும் என்று பழுத்த பதம் பார்த்துப் பிரித்து அடுக்கியிருந்தார்கள். வாழைக்குலை வியாபாரம் செய்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். நான் குலையைக் கயிற்றில் தொங்கவிட்டு, அடிச்சீப்பு கறுத்துப்போனால் அரை விலைக்குத் தள்ளுகிறவன். பழத்தையும் காயையும் அங்கேயே நிறுத்து விலைச்சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள், கவுண்டரில் நேரம் போகாது. சின்ன உள்ளி வேறு, பல்லாரி வேறு, பூண்டு வேறு. மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) தோல் சீவிக் கழுவி வைத்திருந்தார்கள். ஒரு கிலோ மரச்சீனி வாங்கிக்கொண்டு போய் தோல் சீவ நேரமில்லாத, வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் என் கடைக்கே வருகிறார்கள்! எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

மீன் விஷயத்தில் நான் பேசக்கூடாது. வீட்டுக்காரி குளச்சல்காரி, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியதே கிடையாது. ஐஸ் மேல் சாளை, அயிலை, நெத்தோலி, நெய்மீன், கரிமீன் என்று பரத்தியிருந்ததில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அயிலையும் நெய்மீனும் வாங்கலாம் என்றாள். வெட்டிக் கழுவித் தருகிறார்கள், துண்டு எந்தக் கனத்தில் வேண்டும் என்றும் கேட்டார்கள். "சாளை மட்டும் நம்ம கரையில வாங்குறதாக்கும்" என்று சொல்லிவிட்டாள். கரையில் காலையில் இறங்கிய சாளைக்கு எந்த ஊர்க் கடையும் நிகராகாது, அதில் நானும் அவள் கட்சி.

சமைத்த சாப்பாட்டுக்கு ஹைப்பர்மார்க்கெட்டுக்குள்ளேயே தனிப் பகுதி. மரச்சீனியும் மீன்கறியும், பிரியாணி, அப்பம், சூடாக ரொட்டி. எடைக்கு வாங்கிப் போய்ச் சாப்பிடலாம். மேல்மாடியில் 2,500 பேர் உட்காரும் கூடம் இருக்கிறது, உட்காரவும் இடம் தாராளம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் போகாதீர்கள். ஊரே அங்கேதான் இருக்கும்.

துணிக்கடை, கைக்கடிகாரம், பிள்ளைகள் விளையாடும் ஃபன்டூரா, 12 திரை சினிமா இதெல்லாம் பார்த்தவர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள். பேரப்பிள்ளைகளோடு போனால் ஃபன்டூராவுக்கு என்று தனியாகப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

விலையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். சோப்பு, பிஸ்கட், டீத்தூள், டயப்பர் மாதிரி கம்பெனிச் சரக்கில் ஆஃபர் போட்டால் எங்களால் பக்கத்தில் நிற்க முடியாது. எங்களுக்கு அதில் நூற்றுக்கு எட்டோ பத்தோதான் நிற்கும். அவர்கள் லாரிக் கணக்கில் எடுக்கிறவர்கள். வளைகுடா வழியாக வரும் பேரீச்சம்பழம், ஆலிவ், பாலாடைக்கட்டி வகைகள் எங்கள் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் வத்தல், மல்லி, புளி, நல்லமிளகு இந்த நான்கையும் பாக்கெட்டில் வாங்காதீர்கள். நாகர்கோவில் கோட்டார் கம்போளத்தில் (சந்தையில்) மூட்டையைப் பிரித்து, வத்தலை உடைத்து விதையைப் பார்த்து, புளியைக் கிள்ளி வாயில் போட்டு வாங்கிவரும் கடைக்காரன் உங்கள் தெருவில் இருந்தால் அவனிடம் வாங்குங்கள். இது என் கடைக்காக மட்டும் சொல்வதில்லை. ரசம் வைத்துப் பாருங்கள், தெரியும்.

திருவனந்தபுரத்துக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள கடைப்பழக்கம் பழையது. 1956 நவம்பர் 1 வரைக்கும் எல்லாம் ஒரே ராஜ்யம்தானே, முதலில் திருவிதாங்கூர், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்–கொச்சி. திருவனந்தபுரத்தின் பழைய சந்தையான சாலைக் கம்போளத்தை ராஜா கேசவதாசன் திவானாக இருந்த காலத்தில் உண்டாக்கியது என்பார்கள். இன்றைக்கும் அங்கே தமிழ் பேசும் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அப்பா மாதம் இரண்டு தடவை அங்கே போய்ச் சரக்கு எடுப்பார். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று அந்தப் பழைய ரோட்டில் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இறங்குவார். இப்போது எல்லையோரத்தில் காரோடு என்ற ஊரில் ஏறினால் பைபாஸ் நேராக ஆக்குளத்தில் மால் வாசலிலேயே கொண்டுவிடுகிறது, நகரத்துக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் ஆள் அங்கே நிறைந்திருப்பதற்கு இந்த ரோடு பெரிய காரணம். வண்டி நிறுத்தவும் திண்டாட்டம் இல்லை, 3,500 வண்டி நிற்கும் இடம். நான் திரும்பும்போது வீட்டுக்காரி எவ்வளவு சொன்னாலும் சாலைக் கம்போளத்துக்குள் ஒரு நடை போய்விட்டுத்தான் வருவேன். சுக்கும் ஏலமும் அங்கேதான் எடுக்கிறேன். கைவிட மனம் வரவில்லை.

இனி பாலக்காடு. என்னைக் கேட்டால் இந்த நிறுவனத்தின் வளர்ச்சியில் முக்கியமான மால் இதுதான். கொச்சியும் திருவனந்தபுரமும் லக்னோவும் (2022 ஜூலை) பிரம்மாண்டம். 2022 டிசம்பரில் பாலக்காட்டில் கண்ணாடி என்ற இடத்தில், கோயம்புத்தூர்–திருச்சூர் நெடுஞ்சாலை ஓரத்தில் திறந்தது அவற்றோடு ஒப்பிட்டால் சின்னது. மகளைக் கட்டிக் கொடுத்தது அந்த ஊரில் என்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறேன். அங்கே ஐஸ் சறுக்குத் தளம் கிடையாது. அரிசியும் காயும் மீனும் துணியும் பிள்ளைகள் விளையாட்டும் சாப்பாடும், அவ்வளவுதான். சம்பந்தி சொன்னார்: "முன்னாலெல்லாம் ஒரு நல்ல புடவை எடுக்கணும்னாலும் வாளையார் தாண்டி கோயம்புத்தூருக்குத்தான் போவோம்." பாலக்காட்டுக்காரர்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம் அது. இப்போது அவர் வீட்டில் புதன்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்கூட்டரில் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி வருகிறார்கள். மால் என்பது வருஷத்துக்கு இரண்டு தடவை புதுச்சட்டை போட்டுக்கொண்டு போகிற இடம் என்றிருந்ததை மாற்றி, லுங்கியோடு போய்வரும் இடமாக ஆக்கியது பாலக்காட்டு மால்தான்.

அதன் பிறகு அவர்கள் எடுத்த அடிகளைப் பார்த்தால் இந்தச் சின்ன மால் கைகொடுத்திருக்கிறது என்று தெரிகிறது. 2024 செப்டம்பரில் கோழிக்கோடு மாங்காவு, டிசம்பரில் கோட்டயம் மணிப்புழா. இரண்டும் ஆக்குளம் மாதிரி மலை கிடையாது, ஊருக்குத் தகுந்த அளவு. 2023 செப்டம்பரில் ஹைதராபாத் குகட்பள்ளியில் வேறு பேரில் நடந்துகொண்டிருந்த மாலை எடுத்துத் தங்கள் பேரில் மாற்றினார்கள். எட்டு வருஷம் ஒரே பெரிய மாலை வைத்து மெதுவாகப் போனவர்கள், 2021-க்குப் பிறகு நாலு வருஷத்துக்குள் ஏழு ஊரில் மால் திறந்திருக்கிறார்கள். கடன் வாங்கிக் கிளை விரித்து மூழ்கிப்போன கடைகளை எங்கள் மாவட்டத்திலேயே பார்த்தவன் நான். வேகத்தைப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும். இவர்களுடைய வேகம் எனக்குப் பயம் தராததற்குக் காரணம், எல்லா இடத்திலும் முதலில் மளிகையை நிறுத்தி, மற்றதை அதைச் சுற்றிக் கட்டுவதுதான். அரிசிக்கு சீசன் கிடையாது.

கோயம்புத்தூரில் 2023 ஜூனில் அவிநாசி ரோட்டில் லட்சுமி மில்ஸ் வளாகத்துக்குள் திறந்தது ஹைப்பர்மார்க்கெட் மட்டும். மால் கட்டுவதற்கு முன்னால் மளிகையை மட்டும் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். 2022 மார்ச்சில் முதலமைச்சர் ஸ்டாலின் வளைகுடா போனபோது 3,500 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டதன் முதல் துளிர் அது. நான் ஒரு தடவைதான் போனேன். 1910-இல் தொடங்கிய மில்லின் வளாகத்தில் கீரைக்கட்டும் நேந்திரம் சிப்ஸும் விற்பதைப் பார்க்க மனதுக்கு ஒரு மாதிரி இருந்தது. கொங்குச் சமையலுக்கு வேண்டியதும் மலையாளச் சமையலுக்கு வேண்டியதும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பெரிய மால் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நல்ல மளிகைக்கடை என்று போங்கள்.

இத்தனை புகழ்கிறவன் பயப்படவில்லையா என்று எங்கள் வியாபாரிகள் கூட்டத்தில் கேட்டார்கள். பயந்தேன். 2022-இல் மாசச் சாமான் லிஸ்ட் கொடுத்து வாங்கும் எட்டுக் குடும்பம் என் கடையை விட்டுப் போனது. மாதம் ஒரு தடவை காரில் ஆக்குளம் போய்விடுகிறார்கள். அதில் மூன்று குடும்பம் திரும்பி வந்தது. மற்ற ஐந்தும் அன்றாடச் சாமானுக்கு மட்டும் வருகிறது. வருத்தம் இருந்தது. ஆனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மாற்றியதைச் சொல்கிறேன். கடையில் மஞ்சள் பல்பை எடுத்துவிட்டு வெளிச்சம் கூட்டினேன். பழத்தைப் பதம் பார்த்து மூன்று தட்டாகப் பிரித்தேன், வீணாவது பாதியாகக் குறைந்தது. காலையில் பத்துக் கிலோ மரச்சீனியைச் சீவிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்கிறேன், சாயங்காலம் ஐந்து மணிக்குள் தீர்ந்துவிடும். பத்து ரூபாய்க்குக் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கட்டிக் கொடுப்பதையும், சம்பளத் தேதி வரை பற்று எழுதுவதையும் விடவில்லை. அது எனக்கு மட்டுமே முடிகிற வேலை.

ஒன்று மட்டும் மனதில் கிடந்து உறுத்துகிறது. எங்கள் மாவட்டத்து மட்டிப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளம்கூட இருக்காது, தோல் மெலிசு, வாசனை வீடு முழுக்க நிற்கும். பால்குடி மறக்கிற பிள்ளைக்கு எங்கள் ஊரில் முதலில் கொடுப்பது அதைத்தான். அந்தப் பழத்துக்கு ஏத்தனுக்கும் செந்துளுவனுக்கும் பக்கத்தில் ஒரு தட்டு வேண்டும். தூரப் பயணம் அதற்குத் தாங்காது, ஆனால் ஆக்குளம் தூரம் இல்லை. திருவட்டாறு பக்கம் மட்டி போடுகிற இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். காய்ப் பருவத்தில் வெட்டி, சீப்புச் சீப்பாகத் தாள் சுற்றி, ஒற்றை அடுக்காக அட்டைப்பெட்டியில் வைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் திறந்தபோது ஒரு பழம்கூட நசுங்கவில்லை. வீட்டுக்காரிக்கு அடுத்த பரிசோதனை வருகிற மாதம். அன்றைக்கு இரண்டு பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே கொள்முதல் பார்க்கிறவர்களிடம் காட்டப் போகிறோம். கிழமை செவ்வாய்தான்.